‘புகை’ என்ற பேர்: தோட்டத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறந்தபோது வைத்தது ஒன்று. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள் கணக்குப் புத்தகத்தில், விழுவது மற்றது. கொழுந்து நிறுத்து முடிந்ததும் நிறை சரியாக இருந்தால் அன்றைக்குப் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். “இன்னைக்கு எனக்குப் பேர் விழல” என்று ஒரு பெண் சொன்னால், நாள் முழுக்க மழையில் நின்றதைக் கணக்குப் புத்தகம் ஏற்கவில்லை என்று அர்த்தம். கீழே வரும் சிறுவனை இந்த இரண்டாவது பொருளை வைத்துத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அதற்கு எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

அவனுடைய சொந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளையின் பேரை வெளியே சொல்வதை 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. தோட்டத்தின் பேரையும் விட்டிருக்கிறேன். சில விவரங்களை அவனுடைய சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன். நன்னடத்தை அலுவலராக நான் அவனைப் பொறுப்பேற்றபோது அவனுக்கு 15 வயது. குற்றச்சாட்டு, தோட்டத்துக் கோயில் உண்டியலை உடைத்தது.

வீடு

தலவாக்கலைக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து நாலு கிலோமீற்றர் ஏறினால் மேல்கணக்கு, தோட்டத்தின் மேல் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்து இரட்டை லயம் (தொழிலாளர் தொடர்வீடு). 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. அதில் அப்பா, அப்பாயி, அவன், தங்கச்சி. கூடப்பிறந்த அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான்.

அம்மா 2018இல் குவைத் போனார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்ற விதி 2013இல் வந்திருந்தது. தங்கச்சிக்கு ஐந்து முடியும்வரை பொறுத்திருந்துதான் அவர் போனார். அன்றைக்குத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. ஆயிரம் ரூபா வந்ததே 2021இல்தான். ‘தாய் வெளிநாட்டில், அதனால் பிள்ளை கெட்டது’ என்று எழுதுகிற வழக்கம் எங்கள் கோப்புகளில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிள்ளையை விட்டுப் போன ஒரு தாயாக அவரை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வட்ஸ்அப்பில் வருகிறவர் அவர்.

அப்பா கவ்வாத்து வெட்டுவார் (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), மருந்தடிப்பார், ஒழிந்த நேரத்தில் கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) எடுப்பார். சம்பள நாளும் அட்வான்ஸ் நாளும் குடிப்பார். மற்ற நாட்களில் பேச்சே இல்லாத மனிதர். மகனைப் பற்றி நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “அவன் நல்ல பயதாங்க.” அதை அவர் மகனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்பாயியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தவணை நாளில் அவர் நீதிமன்றத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே நாலாக மடித்த பிரஜாவுரிமைப் பத்திரம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர்களாகிப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்கு அந்தப் பத்திரம் கிடைத்தது. “இதக் காட்டுனா விட்ருவாங்களா, மிஸ்?” என்று கேட்டார். களவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் உறையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அரசாங்கத்தின் முன்னால் நிற்பது என்றால் ‘நான் யார்’ என்று காட்ட ஒரு தாள் வேண்டும் என்பது அவருடைய அனுபவம். பேரனும் அந்த அனுபவத்துக்குள் வளர்ந்தவன்.

வெள்ளைச் சட்டை

ஐந்தாம் ஆண்டுவரை தோட்டத்துப் பாடசாலை. புலமைப்பரிசிலில் சில புள்ளிகளால் தவறினான். கெட்டிக்காரன் என்ற பேர் அப்போது அவனுக்கு இருந்தது. ஆறாம் ஆண்டுக்கு டவுன் பாடசாலைக்குப் போனான். போய் மூன்று மாதம் ஆகுமுன் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. மேல்கணக்கில் சிக்னல் கிடைப்பது கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில் மட்டும். போன் அப்பாவுடையது, அது மலைக்குப் போய்விடும். ஒன்லைன் வகுப்பு என்பது அவனுக்குப் பாறையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் அனுப்பிய படங்களைப் பார்ப்பதாக முடிந்தது.

திரும்பப் பாடசாலை திறந்தபோது அவன் யாருக்கும் பழக்கமில்லாதவன். டவுன் பிள்ளைகள் முதலில் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பிறகு ‘புகை’ என்றார்கள். தென்மேல் மழை மாதங்களில் லயத்தில் துணி வெளியே காயாது. அப்பாயி அவனுடைய வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவார். விறகுப் புகை சட்டையில் ஏறும், எத்தனை கழுவினாலும் போகாது. பக்கத்து மேசைப் பையன் மூக்கைப் பிடித்தான். அன்றிலிருந்து பேர் புகை.

எட்டாம் ஆண்டில் சுற்றுலாவுக்குச் சேர்த்த வகுப்புக் காசு காணாமல் போனது. காலைக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைத்துப் பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். காசு இல்லை. இரண்டு கோதுமை ரொட்டியும் சம்பல் மடித்த தாளும் விழுந்தன. இதை என்னிடம் சொல்லும்போது அவன் திருத்தமாக ஒன்றைச் சொன்னான்: “கள்ளன்னு நெனச்சி யாரும் சிரிக்கல, மிஸ். ரொட்டியப் பாத்துத்தான் சிரிச்சாங்க.”

ஒரு வாரம் கழித்துக் காசு ஆசிரியரின் அலுமாரியில், ஒரு கொப்பிக்குள் இருந்தது. அது காலைக் கூட்டத்தில் சொல்லப்படவில்லை. அவன் இரண்டு மாதத்தில் பாடசாலையை விட்டான். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்திருந்தும், 13 வயதுப் பிள்ளை ஒன்று வராததை விசாரிக்க அந்த மலைக்கு ஒருவரும் ஏறவில்லை.

ஒருவரை மேடையில் ஏற்றி ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று ஊரறியச் சொல்வதே அவரை அப்படி ஆக்கும் வேலையின் முதல் படி என்று 1938இலேயே அமெரிக்கர் பிராங்க் டானன்பாம் எழுதினார். அவர் பேசியது நகரத்துச் சேரிப் பையன்களைப் பற்றி. மேல்கணக்குப் பையனுக்கும் அது அப்படியே பொருந்தியது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பேர் ஒட்டப்பட்டது அவன் செய்த எதற்கும் அல்ல. எங்கிருந்து வந்தான், எதைச் சாப்பிட்டான் என்பதற்கு.

இதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பின்நேரம் வீடியோ அழைப்பு வரும் நேரம் பார்த்து, பெட்டியிலிருந்து பாடசாலைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பாறைக்குப் போவான். கழுத்துப் பட்டனும் போட்டிருப்பான். கீழே களிசான் தெரியாதபடி போனைப் பிடித்து, ஸ்கூல் விட்டு இப்போதுதான் வந்தேன் என்பான். பேசி முடிந்ததும் சட்டையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைப்பான். தங்கச்சிக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

பலர் இதை ஏமாற்று என்பார்கள். தன்னைப் பற்றி அம்மா வைத்திருந்த பிம்பத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளை எடுத்த பிரயாசை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சட்டை பெட்டியில் இருந்தவரை அவனுக்குள் இன்னொரு ஆள் உயிரோடு இருந்தான்.

பழைய ஸ்டோரு

மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் நடுவே மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு, அதுதான் பழைய ஸ்டோரு. அங்கே ஆறேழு பையன்கள் கூடுவார்கள். கரம் விளையாட்டு, டிக்டொக், கொஞ்சம் பாபுல் (வாயில் மெல்லும் போதைப் பாக்கு), சில நாள் பியர். மூத்தவனுக்கு 19. புறக்கோட்டைக் கடையில் இரண்டு வருடம் மூட்டை தூக்கிவிட்டு 2022 நெருக்கடியில் வேலை போய்த் திரும்பி வந்தவன். எல்லோருக்கும் அவன் ‘அண்ணன்’.

முதல் நாள் அண்ணன் இவனிடம், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறான். இவன் கூசிக்கொண்டே புகை என்றிருக்கிறான். அதற்கு அண்ணன், “நல்ல பேருடா! புகைய யாரு கையில பிடிப்பா?” என்றானாம். என் கோப்பில் இந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன். பாடசாலையில் அவமானமாக இருந்த அதே சொல், சொன்ன வாய் மாறியதும் விருதாகிவிட்டது. அன்றைக்கு அவனுக்கு முழுப் பேர் விழுந்தது.

எரிக் எரிக்சன் வளரிளம் பருவத்தைப் பற்றி எழுதும்போது ‘எதிர்மறை அடையாளம்’ என்று ஒன்றைச் சொல்வார். நல்லவனாக ஏற்கப்படும் வழி அடைபட்ட பிள்ளை, ஒன்றுமே இல்லாதவனாக இருப்பதைவிடக் கெட்டவனாகவாவது முழுமையாக இருப்பதைத் தெரிவு செய்யும். கேட்க எளிது. ஆனால் ‘தெரிவு’ என்ற சொல் இங்கே கொஞ்சம் பெரியது. இவன் கெட்டவனாக இருக்கத் தெரிவு செய்யவில்லை. தன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் இடத்தில் உட்கார்ந்தான், அவ்வளவே.

களவு பிறகு வந்தது. நெருக்கடி நாட்களில் பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் விலை ஏறியிருந்தது. ஸ்டோருக்குள் துருப்பிடித்துக் கிடந்த உருளைகளிலிருந்து கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி டவுனில் விற்றார்கள். குற்றத்தின் கைவேலையை மட்டுமல்ல, அதற்கான நியாயத்தையும் பிள்ளைகள் நெருங்கிய கூட்டத்திடமிருந்தே கற்கிறார்கள் என்பது எட்வின் சதர்லாந்தின் கருத்து. இங்கே அந்த நியாயம் எப்படி இருந்தது தெரியுமா? “அது களவில்ல, மிஸ். எங்க பாட்டமாரு தலையில தூக்கி வச்ச இரும்பு. தொரைமாரு விட்டுட்டுப் போய்ட்டாங்க. எங்களுக்குத்தானே பாத்தியம்?”

அந்த வாதத்தை நான் உடனே தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் என்று நாடு முழுக்கப் பேசினோம். நிலமும் இல்லை, வீட்டு உறுதியும் இல்லை என்று நாம் மேடையில் சொன்னதைத்தான் அந்தப் பையன்கள் இரும்புக் கடையில் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் சொன்னார்கள். பாதி உண்மையாக இருக்கும் நியாயம்தான் பிள்ளையை மிக ஆழமாக இழுக்கும். முழுப் பொய்யாக இருந்திருந்தால் இவன் போன்ற கெட்டிக்காரன் பிடித்திருப்பான்.

உண்டியல் அப்படியல்ல. கோயில் சந்தா ஒவ்வொரு குடும்பத்தின் செக்ரோலிலும் மாதாமாதம் பிடிபடுகிறது. உண்டியல் என்பது லயத்தின் சேமிப்பு. அதற்கும் அண்ணன் நியாயம் வைத்திருந்தான்: உங்கள் அப்பன் சம்பளத்திலும் பிடித்தார்கள்தானே. இவனுடைய வேலை பாறையில் நின்று பார்த்திருப்பது. நாய் குரைத்து ஆள் வந்தபோது மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். புகையை மட்டும் பிடித்துவிட்டார்கள்.

விடியும்வரை கோயில் படியில் உட்கார வைத்தார்கள். பெரட்டுக்கு (காலை வேலைப் பிரிப்புக்கு) போகிற பெண்கள் ஒவ்வொருவராக அவனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் அப்பாயியின் தங்கச்சியும் இருந்தார். அவர் மட்டும் தன் கம்பளியை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டுப் போனாராம்.

என் முதல் அறிக்கை

பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அப்பா அதில் கையெழுத்திட்டார். என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. தமிழ் அரசகரும மொழியாகி இத்தனை வருடம் கழித்தும் இது நடக்கிறது.

எங்கள் பகுதியில் தனிச் சிறுவர் நீதிமன்றக் கட்டடம் இல்லை. நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்வார். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பு இல்லை.  இவன் அந்த வயதைத் தாண்டியவன். நான் சமூக அறிக்கை கொடுக்க வேண்டும். கையில் நிறையக் கோப்புகள், ஒரு நாள் அவகாசம். எழுதினேன்: தாய் வெளிநாட்டில், தந்தை மதுவுக்கு அடிமை, தீய நண்பர் சேர்க்கை, கல்வியில் ஆர்வமின்மை.

அதை அவன் இருக்கும்போதே வாசித்தார்கள். பல மாதம் கழித்து, நெருக்கமான பிறகு, அவன் அந்த நாலு வரியையும் ஒரு சொல் பிசகாமல் என்னிடம் திருப்பிச் சொன்னான். “நீங்கதானே எழுதுனீங்க, மிஸ். அதான் நான்.” பாடசாலை மேடையில் நடந்ததை நான் தாளில் செய்திருக்கிறேன். அந்த நாலு வரியை மலையகத்தின் எந்தப் பையனுடைய பேருக்குக் கீழேயும் வைக்கலாம். யாரைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது. இன்றைக்கு நான் அறிக்கை எழுதும்போது, பிள்ளையை அன்பாக அழைக்கிறவர்கள் யார், என்ன பேரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு முதல் பந்தியில் எழுதுகிறேன்.

நீதவான் அவனைச் சான்றுபெற்ற பாடசாலைக்கு (குற்றத்தில் சிக்கிய பிள்ளைகளைத் தங்கவைக்கும் நிலையம்) அனுப்பவில்லை. ஒரு வருட நன்னடத்தைக் கட்டளை கொடுத்தார். அடுத்த தவணைக்கான கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் பையிலிருந்து கிளாக்கர் மேசைக்கு, அங்கிருந்து கங்காணி கைக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. கடிதம் வரும்முன் செய்தி வந்துவிட்டது. சட்டம் மூடிவைக்கச் சொன்ன பேரை விலாசம் இல்லாத லயம் திறந்துவிட்டது.

அந்த ஏழு மாதம்

கட்டளை வந்தபோது அவனுக்கு 16 ஆக ஏழு மாதம் இருந்தது. பாடசாலை அவனைத் திரும்ப எடுக்கத் தயங்கியது. வேலைக்கான குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்ந்துவிட்டதால் கராஜில் சேர்க்கவும் முடியாது. அந்தச் சட்டம் வேண்டிய சட்டம், கொழும்பு வீடுகளில் நம் பிள்ளைகள் பட்ட பாட்டை அறிந்தவள் நான். ஆனால் படிக்கவும் இடமில்லாமல் உழைக்கவும் வயதில்லாமல் ஒரு பிள்ளை இருக்கும் மாதங்களை யாரும் பொறுப்பேற்பதில்லை. அந்த இடைவெளியில் கதவு திறந்திருந்த ஒரே இடம் பழைய ஸ்டோருதான். மூன்றாம் மாதம் அவன் மறுபடி அங்கே போனான். பாபுலோடு பிடிபட்டான். நான் அவனிடம் கோபமாகப் பேசினேன். அவன் கேட்டான்: “வேற எங்க போக?”

கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும்படி எல்லோரும் அவனை நெருக்கியிருந்தார்கள். கடைசிவரை ஒரு பேரைக்கூட அவன் சொல்லவில்லை. கோயில் கமிட்டிக்கு அது திமிர். எனக்கு அது அவனிடம் இருந்த மிகச் சிறந்த குணம். அவனை அந்தக் கூட்டத்தோடு கட்டி வைத்திருந்ததும் அதே குணம்தான். அதை உடைக்க முயன்றால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. ஆகவே பேர் கேட்பதை நிறுத்தினேன். அந்த விசுவாசத்தை வேறு யாராவது சம்பாதிக்க முடியுமா என்று தேடினேன்.

பாடசாலையில் நான் கேட்டது சிறிய விஷயம்: காசு கிடைத்துவிட்டது என்று ஒரு காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். முடியாது என்றார்கள். ஆனால் அந்த வகுப்பின் ஆசிரியை ஒரு சனிக்கிழமை தானாகவே மேல்கணக்குக்கு ஏறி வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து, அப்பாயி போட்ட வெறுந்தேத்தண்ணியைக் குடித்து, அப்பாயிக்கும் அப்பாவுக்கும் கேட்கும்படி, “காசு என் அலுமாரியிலதான் இருந்துச்சு. ஒங்க புள்ள எடுக்கல. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றார். அவன் அடுப்படியில் நின்றான். வெளியே வரவில்லை. அன்று ராத்திரி அப்பா அவனுக்குத் தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து வைத்தார் என்று தங்கச்சி சொன்னாள்.

மாசியில் காமன் கூத்து. மன்மதனும் ரதியும் வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள், அன்றைக்கு வயதானவர்கள்கூட அவர்களை வணங்குவார்கள். கூத்து வாத்தியார் இவனைப் பந்தம் பிடிக்கக் கூப்பிட்டார். உண்டியல் உடைத்தவன் காமன் பொட்டலில் கால் வைக்கலாமா என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்தது. வாத்தியார் பதில் சொல்லாமல், அவனுடைய சொந்தப் பேரை முழுசாகச் சொல்லி, “எண்ணெய் எடுத்துட்டு வா” என்றார். தப்பு அடி தொடங்கியது. விடியவிடியப் பந்தம் அவன் கையில் இருந்தது. சண்டை போட்ட குடும்பம் இன்றும் அவனோடு பேசுவதில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அட்டை

16 ஆனதும் டவுனில் ஓட்டோ திருத்தும் கராஜ் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்தான். அதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார். பாடசாலையை விட்ட தோட்டத்துப் பிள்ளைக்குத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், உறுதிப்படுத்த வேண்டும். அவனுக்கு ஆபிஸ் வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை. மூன்று நாள் போய்த் திரும்பி வந்தான். நாலாம் நாள் அப்பா பேரை விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல், கூடப் போனார்.

ஸ்டூடியோவுக்கு அந்தப் பழைய பாடசாலைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கை குட்டையாகிவிட்டது, கழுத்துப் பட்டன் பூட்டவில்லை.

கராஜில் அவனைப் ‘புகை’ என்று யாருக்கும் தெரியாது. சொந்தப் பேரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறார்கள். கற்றுக்கொடுக்கும் பாஸ் கடுமையானவர், நட்டு ஒன்று குறைந்தாலும் சத்தம் போடுவார். ஆனால் சாவியை இவனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இன்னும் பழைய ஸ்டோருப் பக்கம் போகிறான். கேட்டால், அவர்கள் என் ஆட்கள்தானே என்கிறான். அண்ணன் மறுபடி கொழும்புக்குப் போய்விட்டான். கூட்டத்தில் இளையவன், 14 வயது, வேறொரு வழக்கில் சான்றுபெற்ற பாடசாலையில் இருக்கிறான். அவனுடைய கோப்பை நான் எழுதவில்லை. எழுதியவரின் அறிக்கையைப் பார்த்தேன். நாலு வரி.

கட்டளைக் காலம் முடிவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் கராஜுக்குப் போயிருந்தேன். அம்மாவின் அழைப்பு வந்தது. அவன் கையைக்கூடத் துடைக்காமல், கறுத்த பனியனோடு போனை எடுத்தான்.

“என்னடா அது, நெஞ்செல்லாம்?”

“கிரீஸும்மா. வேலைல நிக்கிறேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “போன இன்னும் கொஞ்சம் கீழ பிடி, ஒன்ன முழுசாப் பாக்கணும்” என்றார்.